'இன் த மூட்' யாருடைய மெட்டு?

இந்த முறை அமெரிக்க நடன இசைக்குழுத் தலைவர் கிளென் மில்லரின் குழு வாசித்த 'இன் த மூட்' பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். பலரும் கேட்டது ஒரே கேள்வியைத்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: சார், இது மில்லர் போட்ட மெட்டுதானே?

இல்லை. இசை ஜோ கார்லண்ட், வரிகள் ஆண்டி ராஸாஃப் என்பதுதான் பதிவில் உள்ள கணக்கு. ஆனால் காதில் ஒட்டிக்கொள்ளும் அந்த முதல் துண்டு கார்லண்டுக்கும் முந்தியது. 1930இல் விங்கி மனோன் என்ற ட்ரம்பெட் கலைஞர் வெளியிட்ட 'டார் பேப்பர் ஸ்டாம்ப்' இசைத்தட்டைக் கேளுங்கள், துண்டு அங்கேயே இருக்கிறது. மறு வருடம் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவின் 'ஹாட் அண்ட் ஆங்க்ஷஸ்' தட்டிலும் அது வருகிறது. 1935இல் கார்லண்ட் தான் வாசித்துவந்த மில்ஸ் புளூ ரிதம் பேண்டுக்கு 'தேர்ஸ் ரிதம் இன் ஹார்லெம்' எழுதினார், அதிலும் அதன் சாயல் உண்டு. 'இன் த மூட்' என்ற பெயரில் முதலில் பதிவு செய்தது 1938இல் எட்கர் ஹேஸ் குழு. மில்லர் பதிவு செய்த நாள் 1939 ஆகஸ்ட் 1. அதற்குள் மெட்டு ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டது.

கேள்வி: அப்படியென்றால் மனோனிடமிருந்து திருடியதா?

அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, எழுதிப் பதிவு செய்யாத மெட்டுக்கு யாரும் உரிமை கேட்க முடியாது. மனோன் அதைச் செய்யவில்லை. இந்த மாதிரித் துண்டுகள் அந்தக் காலத்தில் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு இரவல் போய்க்கொண்டே இருந்தவை. திருட்டு என்ற சொல் எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. ஆனால் பெயரும் பணமும் போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்தால் மனோனுக்காக வருத்தப்படாமலும் இருக்க முடியவில்லை.

கேள்வி: அத்தனை பேர் வாசித்தும் மில்லருடையது மட்டும் ஏன் நின்றது?

கத்திரிக்கோலால்தான்! மில்லருக்கு முன்பே கார்லண்ட் இதை ஆர்ட்டி ஷா என்ற இன்னொரு குழுத் தலைவரிடம் கொடுத்தார். ஷா 1938இல் வானொலியில் வாசித்தார், ஆனால் தட்டில் பதிக்கவில்லை. காரணம் நீளம்: ஆறு நிமிடத்துக்கும் மேல். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்றரை நிமிடம்தான் தாங்கும். மில்லர் உபரி மெட்டுகளை வெட்டி, தனி வாசிப்புகளுக்கு இடம் ஒதுக்கி, கடைசியில் அந்தக் குறும்பை வைத்தார். அதே துண்டு திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் சத்தம் குறையும், முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மொத்தக் குழுவும் வெடித்துக் கிளம்பும். ஆடிக்கொண்டிருப்பவர்கள் நிற்பதா, தொடர்வதா என்று தவிக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். கேட்டுக் கேட்டுப் பழகிய பிறகும் அந்த இடத்தில் நான் ஏமாறுவதுண்டு.

விலையும் உதவியது. மில்லரின் தட்டை வெளியிட்ட ப்ளூபேர்டின் விலை 35 சென்ட், அதன் தாய் நிறுவனமான விக்டரின் தட்டு 75 சென்ட். அப்புறம் காசு போட்டால் தட்டு பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகள் வேறு.

கேள்வி: கர்நாடக இசை மட்டும் தெரிந்தவள் நான். அந்தத் துண்டு ஏன் அப்படித் துள்ளுகிறது அண்ணா?

உங்களுக்குச் சொல்வது சுலபம் அம்மா. கையில் நாலு நாலாகத் தாளம் போட்டுக்கொண்டு, இரட்டை வேகத்தில் வாயில் 'தகிட தகிட தகிட' சொல்லிப் பாருங்கள். அழுத்தம் தட்டுக்குத் தட்டு நகரும் இல்லையா? சாக்ஸஃபோன்கள் மூன்று ஸ்வரங்களை அப்படித்தான் சுற்றுகின்றன. அடியில் ஓடுவது பன்னிரண்டு பார் ப்ளூஸ், அதாவது நாலு தட்டு கொண்ட பன்னிரண்டு சுற்றுகள் முடிந்ததும் மறுபடி தொடங்கும் அமைப்பு.

கேள்வி: நடுவில் இரண்டு சாக்ஸஃபோன்கள் மாறி மாறிப் பேசிக்கொள்கின்றனவே, யார் அவர்கள்? மில்லர் எங்கே?

டெக்ஸ் பெனகியும் ஆல் க்ளிங்கும், இருவருமே வாசிப்பது டெனர் என்ற வகை சாக்ஸஃபோன். பிறகு வரும் ட்ரம்பெட் க்ளைட் ஹர்லி. மில்லர் ட்ராம்போன் வரிசையில் இருக்கிறார், தனி வாசிப்பு எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. குழுவில் வழக்கமாகத் தனி வாசிப்பு பெனகிக்குத்தான் போகும், க்ளிங்குக்கு அபூர்வம். என்னைக் கேட்டால் இதில் க்ளிங்கின் பதில்கள்தான் ருசி.

கேள்வி: மில்லர் விமான விபத்தில் இறந்தாரா?

1944 டிசம்பர் 15 அன்று இங்கிலாந்திலிருந்து பாரிஸ் கிளம்பிய சிறிய ராணுவ விமானம் காணாமல் போனது. அவர் உடல் கிடைக்கவே இல்லை.

கேள்வி: பீட்டில்ஸ் பாட்டு ஒன்றில் இது வருகிறது என்கிறான் நண்பன். பந்தயம் கட்டியிருக்கிறேன்!

காசை எடுத்து வையுங்கள் தம்பி. 1967இல் வந்த 'ஆல் யூ நீட் இஸ் லவ்' முடிந்து தேயும் இடத்தில், மற்ற பல துணுக்குகளோடு இதுவும் கேட்கும். சேர்த்தவர் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். உரிமைப் பிரச்சினை வராது என்று நினைத்திருக்கிறார். வந்தது, இசைத்தட்டு நிறுவனம் பணம் கட்டியது. மனோனுக்குக் கிடைக்காத பதிப்புரிமைக் காப்பு அதற்குள் மெட்டுக்குக் கிடைத்திருந்தது.