ரக்பி லீக்கா, அமெரிக்கன் ஃபுட்பாலா: உடம்பை அதிகம் வாட்டுவது எது?

கேள்வி: ரக்பி லீக் வீரர்கள் கவசம் எதுவும் இல்லாமல் 80 நிமிடம் ஓடி ஓடி மோதுகிறார்கள். அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்கள் ஹெல்மெட், பேட் எல்லாம் மாட்டிக்கொண்டு ஐந்து நொடி ஆடுகிறார்கள், அரை நிமிடம் நிற்கிறார்கள். அப்படியானால் ரக்பி லீக்தானே உடலளவில் கடினமான ஆட்டம்?

பாதி சரி. மூச்சு எதில் அதிகம் வாங்கும் என்று கேட்டால் ரக்பி லீக்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு மோதலில் உடம்பு எவ்வளவு வேகத்தையும் எடையையும் தாங்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் அமெரிக்கன் ஃபுட்பால் முந்திவிடும். இந்த வித்தியாசத்துக்குக் கவசத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வீரர்களை எத்தனை முறை மாற்றலாம் என்ற விதிதான் அது. பெரும்பாலான விவாதங்களில் அந்த விதி பேசப்படுவதே இல்லை.

மாணவனாக இருந்தபோது சிட்னியில் அமெச்சூர் அளவில் சில சீசன் ரக்பி லீக் ஆடியிருக்கிறேன். அமெரிக்கன் ஃபுட்பாலைப் பல வருடங்களாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். இரண்டும் எனக்குப் பிடித்த ஆட்டங்கள். ஒன்றை உயர்த்துவதற்காக இன்னொன்றைத் தாழ்த்திப் பேசுவதைக் கேட்கும்போது வருத்தமாக இருக்கும். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ரக்பி லீக். பக்கத்துக்கு 13 பேர், 40 நிமிடம் வீதம் இரண்டு பாதி. பந்து வைத்திருக்கும் அணி ஆறு முறை டேக்கிள் செய்யப்படும் வரை (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து நிறுத்துவதுதான் டேக்கிள்) தாக்கலாம், ஆறாவதோடு பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் விழுந்தவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னால் தள்ளி ஆட்டத்தைத் தொடர்வார். அதற்குள் தடுக்கும் அணியில், அவருக்கு நேர் எதிரே நிற்கும் ஓரிருவர் தவிர மற்ற எல்லோரும் 10 மீட்டர் பின்னால் போயிருக்க வேண்டும்.

இந்த 10 மீட்டர்தான் ஆட்டத்தின் உயிர், ஆடுபவரின் உயிரை எடுப்பதும் அதுவே. 110 கிலோ ஆள் ஒருவர் முழு வேகத்தில் ஓடி வருகிறார். நீங்களும் இன்னும் இருவரும் சேர்ந்து அவரை விழுத்தாட்டுகிறீர்கள். தரையில் அவர் சீக்கிரம் எழப் பார்க்கிறார், நீங்கள் விதி அனுமதிக்கும் அளவுக்கு அவரை அழுத்திப் பிடிக்கிறீர்கள், மல்யுத்தம் மாதிரி. அப்புறம் நீங்கள் எழுந்து, கண்ணைப் பந்தின் மேலேயே வைத்துக்கொண்டு பின்னோக்கி ஓட வேண்டும். வரிசையில் நின்றதுமே மறுபடி முன்னால் பாய வேண்டும். இது ஆறு முறை, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முடிந்ததும் ஓய்வு கிடைக்காது. எதிரணி பந்தை உதைத்துவிடும், இப்போது அதே களைப்போடு நீங்கள் பந்தைக் கையில் வாங்கி அவர்களுடைய வரிசைக்குள் ஓட வேண்டும். இடையில் தடுக்கும் அணி தவறு செய்து, நடுவர் ஆறு டேக்கிளையும் முதலிலிருந்து எண்ணச் சொல்லிவிட்டால், அவர்களுக்கு அந்தச் சுமை இரட்டிப்பாகிவிடும். ஆட்டத்தை நிறுத்திப் பெனால்ட்டி கொடுப்பதற்குப் பதில் இப்படி எண்ணிக்கையைத் திரும்பத் தொடங்கும் முறையை ஆஸ்திரேலியாவின் தொழில்முறை ரக்பி லீக் போட்டியான என்ஆர்எல் 2020-இல் கொண்டு வந்தது. அன்று முதல் நடுவரிசை முன்கள வீரர்களின் நுரையீரலுக்கு வேலை இன்னும் கூடிவிட்டது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு டேக்கிள்தான் கண்ணில் படும். ஆடுபவரை உண்மையில் அரைப்பது தரையிலிருந்து எழும் அந்தக் கணம். மோதலில் மூச்சு வெளியேறிவிட்டிருக்கும், கை கால் கனக்கும், அந்த நிலையில் உடம்பைத் தூக்கி நிறுத்துவது ஓட்டத்தைவிடப் பெரிய செலவு. அமெச்சூர் ஆட்டத்திலேயே இரண்டாம் பாதியில் எழுந்திருப்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. தொழில்முறையில் ஹூக்கர் இடத்தில் ஆடுபவர் ஒரே ஆட்டத்தில் 40 டேக்கிளுக்கு மேல் செய்வது சாதாரணம். அதோடு ஒவ்வொரு முறையும் தரையிலிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலை. ஓடும் தூரம் இடத்தைப் பொறுத்து ஏறத்தாழ 5-லிருந்து 8 கிலோமீட்டர் வரை போகும். கால்பந்து வீரர் இதைவிட அதிகம் ஓடுவார். ஆனால் அவர் நாற்பது முறை விழுந்து எழுவதில்லை.

சரி, அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு வருவோம். கடிகாரத்தில் 15 நிமிடம் வீதம் நான்கு கால்பகுதி, மொத்தம் 60 நிமிடம். ஆனால் பந்து உண்மையிலேயே ஆட்டத்தில் இருக்கும் நேரம் சுமார் 11 நிமிடம்தான். டிவியில் அது மூன்று மணி நேர நிகழ்ச்சியாக வரும். இந்த ஒரு கணக்கைக் காட்டித்தான் பலர் ‘இது ஒரு ஆட்டமா’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது நூறு மீட்டர் ஓட்டக்காரரைப் பார்த்துப் ‘பத்து நொடிதானே ஓடினாய்’ என்று கேட்பது போலத்தான் படுகிறது.

தசைக்குள் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற சேமிப்பு ஒன்று இருக்கிறது. முழு வெறியோடு பாய்ந்தால் அது பத்து நொடிக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பிறகு உடம்பு வேறு வழிகளில் சக்தியைத் தயாரிக்கும், ஆனால் அந்த முதல் உக்கிரம் குறைந்துவிடும். அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்து ஆட்டத்துக்கு வந்து நிற்கும் வரையிலான ஒரு ஆட்டவீச்சு ஐந்து ஆறு நொடியில் முடிகிறது. அடுத்ததற்கு 40 நொடிக் கடிகாரம். அந்த இடைவெளியில் சேமிப்பில் கணிசமான பங்கு திரும்ப நிரம்பிவிடும். ஆக, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய முழு பலத்தோடு வந்து மோதும் மனிதர்களை இந்த ஆட்டம் வேண்டுமென்றே உருவாக்குகிறது. ரக்பி லீக்கில் 70-ஆவது நிமிடத்தில் உங்கள் மேல் மோதுபவர் உங்களைப் போலவே களைத்தவர். அமெரிக்கன் ஃபுட்பாலின் கடைசிக் கால்பகுதியில் மோத வருபவர் சற்று முன்புதான் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவராகக்கூட இருக்கலாம்.

முதலில் சொன்ன மாற்று விதியின் வேலை இங்கேதான் தெரியும். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு நேரத்தில் களத்தில் 11 பேர்தான். ஆனால் அணிப் பட்டியலில் 53 பேர், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். தாக்குவதற்கு ஒரு கூட்டம், தடுப்பதற்கு ஒரு கூட்டம், உதைப்பதற்குத் தனி ஆட்கள். எப்போதும் இப்படி இருந்ததில்லை. அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் 1950-இல்தான் கட்டுப்பாடில்லாத மாற்றத்தை நிரந்தரமாக ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பு ஒரே ஆள் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும் என்பது வழக்கம். அந்தப் பழைய பாணியின் கடைசிப் பெரிய பெயர் பிலடெல்பியா ஈகிள்ஸின் சக் பெட்னரிக். 1960 சாம்பியன்ஷிப் இறுதியில் 60 நிமிடத்தில் சுமார் 58 நிமிடம் களத்திலேயே இருந்தார். ஆட்டத்தின் கடைசி டேக்கிளும் அவர் செய்ததுதான். இன்று 140 கிலோ எடையுள்ள ஒரு லைன்மேனிடம் (முன்வரிசையில் நின்று எதிராளியை இடிப்பவர்) அதைக் கேட்கவே முடியாது, கேட்கத் தேவையும் இல்லை. தேவை இல்லாததால்தான் உடம்பு 140 கிலோவுக்கு வளர முடிந்தது.

ரக்பி லீக் எதிர்த்திசையில் போனது. ஆஸ்திரேலியாவில் 1990-களில் வீரர்களை அளவில்லாமல் மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. பெரிய பெரிய பிராப்கள், அதாவது நடுவரிசை முன்கள வீரர்கள், இருபது நிமிடம் இடித்துவிட்டு உட்கார்ந்து மறுபடி வருவார்கள். 2001-இல் அதற்கு 12 என்று எல்லை வைத்தார்கள், 2008-இல் 10 ஆக்கினார்கள், 2016-இல் 8 ஆக்கினார்கள். களைப்பை ஆட்டத்துக்குள் திரும்பக் கொண்டு வருவதுதான் நோக்கம். எதிரில் நிற்கும் பெரிய ஆள் களைத்தால்தான் சிறிய, சுறுசுறுப்பான ஆளுக்கு இடைவெளி கிடைக்கும். இது மிக நல்ல முடிவு என்பது என் கருத்து. ஆட்டத்தின் அழகே அந்தக் கடைசி இருபது நிமிடத்தில்தான் இருக்கிறது.

இரண்டு ஆட்டமும் கேட்கும் உடம்பு எவ்வளவு வேறு என்பதற்கு ஜோர்டன் மைலாட்டாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சிட்னியில் வளர்ந்தவர், சௌத் சிட்னி அணியின் இளையோர் பிரிவில் ரக்பி லீக் ஆடியவர். ஆறடி எட்டு அங்குல உயரம், 160 கிலோவை ஒட்டிய எடை. ரக்பி லீக்குக்கு அந்த உடம்பு மிகப் பெரிது. எடையைக் குறைத்தால்தான் எதிர்காலம் என்ற நிலைமை. 2018-இல், அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் ஒன்றில்கூட ஆடியிராத அவரை ஈகிள்ஸ் அணி, புதிய வீரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் டிராஃப்டின் ஏழாவது சுற்றில் தேர்ந்தெடுத்தது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் இடப்பக்கத்தைக் காக்கும் லெஃப்ட் டேக்கிள் இடத்தில் நிலைத்து, 2025 பிப்ரவரியில் என்எஃப்எல் இறுதியாட்டமான சூப்பர் பவுலை வென்ற அணியில் ஆடினார். ஒரு ஆட்டத்தில் பாரமாக இருந்த அதே எடைக்காகத்தான் இன்னொன்று அவரைத் தேடி வந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வேலண்டைன் ஹோம்ஸ் என்ஆர்எல்லின் மிகச் சிறந்த பின்கள வீரர்களில் ஒருவர். 2019-இல் என்எஃப்எல் அணியான நியூயார்க் ஜெட்ஸின் பயிற்சி அணி வரை போய்விட்டு, 2020-இல் மறுபடி ரக்பி லீக்குக்கே வந்துவிட்டார். வேகம் போதாத ஆள் இல்லை அவர். ஆனால் அங்கே 40 கெஜத்தை 4.21 நொடியில் ஓடிய சேவியர் வொர்த்தி போன்றவர்கள் அதே இடத்துக்குப் போட்டியிடுகிறார்கள், சிறு வயது முதல் அந்த ஒரே வேலையைச் செய்து பழகியவர்கள். எண்பது நிமிடம் தாக்குப்பிடிக்கும் திறமைக்கு அங்கே யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

இப்போது கவசம். ஹெல்மெட் மண்டை ஓடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது. தலையும் தோளும் மூடியிருக்கிறது என்ற தைரியத்தில் மனிதர்கள் இன்னும் வேகமாக மோதுகிறார்கள். இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று: ரக்பி லீக்கில் பந்து வைத்திருப்பவரை மட்டுமே டேக்கிள் செய்யலாம். பந்து இல்லாதவரை வழிமறித்தால் பெனால்ட்டி. அமெரிக்கன் ஃபுட்பாலில் வழிமறிப்பதுதான் பாதிப் பேருக்கு வேலையே. லைன்மேன் ஒரு ஆட்டத்தில் அறுபது எழுபது முறை எழுந்து எதிரே இருப்பவரை இடிக்கிறார், பந்தைத் தொடாமலே. கிளீவ்லாந்து பிரவுன்ஸின் ஜோ தாமஸ் 2007 முதல் 2017 வரை அப்படி 10,363 ஸ்னாப்கள் (ஒவ்வொரு ஆட்டவீச்சின் தொடக்கம்) ஒன்றுகூட விடாமல் ஆடினார். எனக்கு இது எந்த விளையாட்டிலும் மலைக்க வைக்கும் எண். ஆனால் யூடியூப்பில் வரும் மோதல் தொகுப்புகளில் அவர் வரவே மாட்டார்.

பந்தை முன்னோக்கி எறியலாம் என்பதும் ஆபத்தைக் கூட்டுகிறது. மேலே பார்த்துக்கொண்டு குதிக்கும் ஒருவர், முப்பது கெஜம் ஓடி வரும் தடுப்பாளரைக் கவனிக்கவே முடியாது. ரக்பி லீக்கில் தடுப்பவரும் தாக்குபவரும் பெரும்பாலும் நேருக்கு நேர், ஏறத்தாழ 10 மீட்டர் இடைவெளியிலிருந்து வருவதால் உடம்பைத் தயார்ப்படுத்த ஒரு கணமாவது கிடைக்கும். உயர உதைத்த பந்தைப் பின்னால் நின்று பிடிக்கும் ஃபுல்பேக் இதற்கு விலக்கு.

தலைக் காயத்தில் எந்த ஆட்டத்தையும் நல்லது என்று சொல்ல மாட்டேன். 2017-இல் வெளியான ஆய்வில், இறந்த முன்னாள் என்எஃப்எல் வீரர்களின் 111 மூளைகளில் 110-இல் சிடிஇ என்ற சிதைவு நோய் இருந்தது. அறிகுறி இருந்தவர்களின் குடும்பங்களே அதிகமாக மூளையைத் தானம் செய்திருக்கலாம் என்பதால் அதை எல்லா வீரர்களுக்கும் பொருத்தக் கூடாது. ஆனாலும் அந்த எண்ணைத் தள்ளிவிடவும் முடியாது. ரக்பி லீக்கிலும் 2019-இல் முன்னாள் வீரர் ஸ்டீவ் ஃபோக்ஸின் மூளையில் அதே நோய் உறுதியானது. இரண்டு பக்கமும் விதிகளை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். கையால் பிடிக்காமல் தோளால் மட்டும் இடிப்பதை என்ஆர்எல் 2013 சீசனிலிருந்து தடை செய்தது. என்எஃப்எல் 2024-இல், பந்தை உதைத்து ஆட்டம் தொடங்கும் கிக்காஃப் முறையையே மாற்றி, இரு அணியும் நீண்ட தூரம் ஓடி வந்து மோதுவதைக் குறைத்தது.

வலியைத் தாங்குவதை வைத்து ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரக்பி லீக்கில் 1970 இறுதியாட்டத்தில் தாடை உடைந்தும் கடைசி வரை ஆடினார் ஜான் சாட்லர். 2014 இறுதியாட்டத்தின் தொடக்கத்திலேயே கன்ன எலும்பு உடைந்த சாம் பர்ஜஸ், ஆட்டநாயகனாக முடித்தார். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஜாக் யங்பிளட் கால் எலும்பு முறிவோடு 1979 சீசனின் சூப்பர் பவுலில் ஆடினார். மூவர் மீதும் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இந்தக் கதைகள் அந்த மனிதர்களைப் பற்றித்தான் சொல்கின்றன, எந்த ஆட்டம் கடினம் என்று சொல்வதில்லை.

சீசன் சுமையில் ரக்பி லீக்தான் அதிகம். என்ஆர்எல்லில் ஒரு அணிக்கு 24 லீக் ஆட்டம், என்எஃப்எல்லில் 17. குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் அணிகளுக்குத் தேர்வாகிறவர்களுக்கு நடுவில், அந்த இரு மாநிலங்களும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் ஆட்டங்கள் மூன்று வேறு வந்து சேரும். புதன் இரவு அப்படி ஒரு ஆட்டம் முடித்துவிட்டு, வார இறுதியில் சொந்த அணிக்கு வருபவர்கள் உண்டு.

ஒரே ஒரு இடத்தைக் காட்டி ‘இதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது’ என்று சொல்லச் சொன்னால், மூச்சுக்கு ரக்பி லீக் ஹூக்கரைச் சொல்வேன். உடம்பின் தேய்மானத்துக்கு என்எஃப்எல் ரன்னிங் பேக்கைச் சொல்வேன். தன்னைவிட நாற்பது ஐம்பது கிலோ அதிகமுள்ளவர்களுக்கு நடுவே பந்தோடு நுழைகிறார். பந்து கையில் இல்லாத நேரத்தில் அவர்களையே வழிமறிக்கவும் வேண்டும். முப்பது வயதை நெருங்கினாலே அணிகள் அவருக்குப் பெரிய ஒப்பந்தம் கொடுக்கத் தயங்குகின்றன. அதே வயதில் நல்ல ஹூக்கர் ஒருவருக்கு இன்னும் சில சீசன் மிச்சம் இருக்கும்.