இடுப்பளவு முடியில் சிக்கு எடுக்க எந்தச் சீப்பு நல்லது?

இடுப்பு வரை முடி, தலைக்குக் குளித்த நாளெல்லாம் சிக்கு எடுக்கவே அரை மணி நேரம் போகிறது, சீவினால் கையோடு கொத்தாக வருகிறது, எந்தச் சீப்பு வாங்கலாம், எந்த பிரஷ் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சீப்புக்கு வருகிறேன். ஆனால் எவ்வளவு ஈரத்தில் சீவுகிறீர்கள், எங்கிருந்து தொடங்குகிறீர்கள், முடியில் வழுவழுப்பு இருக்கிறதா என்ற மூன்றும் சரியாக இருந்தால் பெட்டிக்கடைச் சீப்பே போதும். அது சரியில்லையென்றால் ஆயிரம் ரூபாய் பிரஷ்ஷும் முடியைப் பிய்க்கத்தான் செய்யும்.

முதலில், நுனியிலிருந்து தொடங்குங்கள். உச்சியில் சீப்பை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தால் வழியில் இருக்கிற சின்னச் சின்ன முடிச்செல்லாம் கீழே தள்ளப்பட்டு ஒரே இடத்தில் சேர்ந்து இறுகிவிடும், அப்புறம் அதை யாராலும் பிரிக்க முடியாது. முடியை நாலு பாகமாகப் பிரித்து, மூன்றைக் கிளிப் போட்டுத் தூக்கி வைத்துவிட்டு, ஒன்றில் மட்டும் நுனியில் ஒரு சாண் சீவி, அது வழுக்கிக்கொண்டு போன பிறகு இன்னொரு சாண் மேலே ஏறுங்கள். சீவுகிற இடத்துக்கு மேலே முடியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இழுப்பெல்லாம் கையோடு நின்றுவிடும், வேருக்குப் போகாது. எங்கள் ஆச்சி, "ஏட்டி, மேல இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுச் சீவு, பிள்ளைக்கு வலிக்கப் போகுது" என்று அம்மாவை அதட்டுவது இதற்காகத்தான்.

அடுத்தது ஈரம். தண்ணீர் பட்டால் முடிக்குள் இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்து முடி ரப்பர் மாதிரி நீளும், பலமும் குறையும். அந்த நேரத்தில் இழுத்தால் நீண்டுகொண்டே போய் அறுந்துவிடும். அதனால் நேர்முடியோ லேசான அலைமுடியோ உள்ளவர்கள் துவர்த்துத் துண்டால் ஒற்றி எடுத்து (முறுக்கிப் பிழியவோ தட்டி அடிக்கவோ வேண்டாம்), விரலாலேயே ஒருமுறை கோதிவிட்டு, முக்கால்வாசி காய்ந்த பிறகு சீப்பைத் தொடுங்கள். சுருட்டை முடிக்கு இது அப்படியே தலைகீழ். காய்ந்த சுருட்டை முடியைச் சீவினால் உடையும், பொங்கியும் நிற்கும். அவர்கள் குளிக்கும்போதே கண்டிஷனர் போட்டு, அது தலையில் இருக்கும்போதே சிக்கு எடுத்துவிட்டு அலசுவதுதான் நல்லது. உங்களுக்கு என்ன மாதிரி முடி என்று கேள்வியில் இல்லை, அதனால் இரண்டையும் சொல்லிவிட்டேன்.

வழுவழுப்புக்கு வருவோம். முடியின் மேல்தோல் ஓட்டுக்கூரை ஓடு மாதிரி, வேரிலிருந்து நுனியைப் பார்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். இந்த அடுக்கு தூக்கிக்கொண்டால் ஒரு முடி இன்னொன்றில் மாட்டும், அதுதான் சிக்கு. காரமான சோப்பு இதைத் தூக்கிவிடும், உப்புத் தண்ணீரில் சோப்பு போட்டால் வெள்ளையாகப் படிவும் சேர்ந்து இன்னும் சொரசொரப்பாகும். தாமிரபரணித் தண்ணீரில் குளிக்கிறவர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. நெல்லை மாவட்டத்தில் ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் உப்பான போர்வெல் தண்ணீரில் குளிப்பவர்களைக் கேளுங்கள். வாளியில் கொஞ்சம் நல்ல தண்ணீர் தனியாக எடுத்து வைத்துக் கடைசி அலசலுக்கு மட்டும் ஊற்றினாலே வித்தியாசம் தெரியும். கண்டிஷனரில் நேர்மின்னேற்றம் உள்ள பொருட்கள் இருக்கும், அவை முடியில் சேதமான, எதிர்மின்னேற்றம் உள்ள இடங்களைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் அதைப் போட்டதும் வழுக்குகிறது. நுனிக்குத்தான் அது வேண்டும், மண்டைக்கு வேண்டாம். கண்டிஷனர் பிடிக்காதவர்கள் செம்பருத்தி இலையைக் கசக்கி எடுத்த கொழகொழப்பையும் வடிகஞ்சியையும் சீயக்காயோடு கலக்கலாம், வேலை செய்யும், ஆனால் நன்றாக வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் அந்தத் திப்பியை எடுக்க இன்னொரு தடவை சீவ வேண்டிவரும். குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய் தேய்ப்பதும் சும்மா சம்பிரதாயம் இல்லை. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வந்த ஓர் ஆய்வில், முடியிலிருந்து புரதம் போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான்.

சரி, சீப்பு. அகலப் பல் சீப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். வாங்கும்போது பல்லின் உள்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள். அச்சில் வார்த்த மலிவுப் பிளாஸ்டிக்கில் நடுவே கூரான ஒரு கோடு இருக்கும், அது முடியை ஒவ்வொரு இழுப்பிலும் சுரண்டி எடுக்கும். மரச்சீப்பில் அந்தக் கோடும் இல்லை, முடி சிலிர்த்துக்கொண்டு நிற்பதும் குறைவு, ஆனால் ஈரத்தில் ஊறி விரியும், அதனால் காய்ந்த முடிக்கு மட்டும். பிரஷ் என்றால் டாங்கிள் டீசர் என்ற பிராண்ட் மாதிரி நீளமும் குட்டையுமாக வளையும் பல் உள்ளவை ஈரமுடிக்கு உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. அடர்த்தியான முடியில் அது மேலாப்பில் மட்டும் சீவிவிட்டு உள்ளே சிக்கை விட்டுவிடும், பிரித்துப் பிரித்துத்தான் போட வேண்டும். உருளை பிரஷ், பன்றிமுடி பிரஷ் இரண்டும் சிக்கு எடுப்பதற்கானவையே இல்லை. நெருக்கப் பல் சீப்பும், பேன், ஈர் எடுக்கிற ஈருளியும் சிக்கெல்லாம் எடுத்து முடிந்த பிறகுதான்.

சீப்பே நுழையாத முடிச்சு விழுந்துவிட்டால் இழுக்காதீர்கள். ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவிட்டு, பழைய வீடுகளில் சிணுக்கோலி என்று கூரான கோல் ஒன்று இருக்குமே, அது இருந்தால் அது, இல்லையென்றால் சீப்பின் வால் முனையால் முடிச்சின் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் குறுக்கே வெட்ட வேண்டாம், முடியின் நீளவாக்கில் முடிச்சுக்குள் ஒரு கீறல் மட்டும், பாதி தானாக அவிழும்.

சிக்கு விழாமல் பார்ப்பதில் நம்ம ஊரில் பெரிய எதிரி காற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றில் பணகுடி, காவல்கிணறு தாண்டி ஜன்னலோர சீட்டில் தலையை விரித்துப்போட்டுப் போனால் இறங்கும்போது தலை குருவிக்கூடுதான். சடை பின்னி முனையைக் கட்டிவிடுங்கள். சாரல் சீசனில் குற்றாலத்துக்குப் போனாலும் அதேதான், எண்ணெய் தேய்த்துச் சடை போட்டுக்கொண்டே அருவிக்குள் நில்லுங்கள், பேரருவி அடிக்கிற அடியில் விரித்த முடி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ராத்திரியும் தளர்வாக ஒரு சடை.

கொத்தாக வருகிறது என்றீர்களே, ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு, மூணு நாளைக்கு ஒருதரம் சீவினால் மூணு நாள் முடியும் ஒன்றாகத்தான் வரும். சீப்பில் வந்ததை எடுத்து ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தானாக உதிர்ந்தது. இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் நீங்கள் சீவுவதில் உடைகிறது, மேலே சொன்னதை மாற்றினால் குறையும். குமிழோடு வருவதே திடீரென்று ரொம்ப அதிகமாகிவிட்டதென்றால் தோல் டாக்டரைப் பாருங்கள், அதற்குச் சீப்பு மாற்றிப் பிரயோஜனம் இல்லை.