கோர்ட்டு எங்கண்ணே இருக்கு? ராம்நாடு கடலோரத்து டென்னிஸ் கேள்விகள்

கோவையில இருந்து மாத்தலாகி ராமநாதபுரம் வந்திருக்கேன் சார். மேப்ல தேடுனா எல்லாம் கிரிக்கெட் டர்ஃபா வருது. பொது டென்னிஸ் கோர்ட் கிடைக்குமா?

மொதல்ல மேப்ப மூடி வைங்க. நம்ம பக்கம் கோர்ட்டுக்கு போர்டும் இருக்காது ரிவ்யூவும் இருக்காது, வாட்ச்மேன் கையில சாவி இருக்கும், அவ்ளோதான். சீதக்காதி சேதுபதி ஸ்டேடியத்துக்குப் போயி மாவட்ட விளையாட்டு அலுவலர் ஆபீஸ் எங்கன்னு கேட்டு அங்க விசாரிங்க, எந்தக் கோர்ட் யாருக்குத் தொறந்திருக்குன்னு முறையா சொல்ல வேண்டியவங்க அவங்கதான். அப்புறம் ஆபீசர்ஸ் கிளப், காலேஜ், அரசாங்க குவார்ட்டர்ஸ். வெளியாளுக்கு இல்லன்னுதான் எடுத்ததும் சொல்லுவாங்க, ஆனா காலையில ஆறு மணிக்கு நேர்ல போய் நில்லுங்க, டபுள்ஸுக்கு ஒரு ஆள் குறையிற அன்னைக்கு நீங்க பேட்டோட நின்னா அதுக்கு மேல ஒரு சிபாரிசும் வேணாம்.

போன்ல கேட்டா "இருக்கு இருக்கு"ம்பாங்க, போய்ப் பாத்தா பூப்பந்து கோர்ட்டா (ஷட்டில் இல்ல, கம்பளிப் பந்துல ஆடுற பால் பேட்மிண்டன்) இருக்கும். கோவிச்சுக்கிட்டுத் திரும்பாதீங்க. பூப்பந்துக்கு 24க்கு 12 மீட்டர், டென்னிஸுக்கு 23.77க்கு 10.97, கிட்டத்தட்ட அதே தரைதான். கோட்டுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் அஞ்சரை மீட்டராவது காலியா இருந்தா 6 அடி நெட்ட எறக்கிக் கட்டிட்டு ஆடலாம். அளக்க டேப் தேட வேணாம். 27 இன்ச் பேட்ட நட்டக்குத்தலா நிறுத்தி, அதுக்கு மேல இன்னொரு பேட்டோட தலைய குறுக்க வைங்க, இப்ப வர்ற பேட்டுக்கு தலை கொஞ்சம் அகலம்ங்கிறதால ஒரு விரக்கடை கொறச்சுக்கிட்டா நடு நெட்டு 36 இன்ச் சரியா வந்துரும். போஸ்ட் பக்கம் 42.

அண்ணே, பாம்பன்ல ஒரு சிமெண்ட் தரையில கோடு போட்டு சாயங்காலம் ஆடுறோம். காத்துல பந்து எங்கிட்டோ போகுது. பச்ச வலை கட்டலாமா?

கட்டலாம் தம்பி, ஆனா உச்சி வரைக்கும் கட்டுனீங்கன்னா வேலி முழுசும் காத்தப் புடிச்சு ஒருநாள் ராத்திரி போஸ்ட்டோட சாஞ்சு கெடக்கும், ஆறடி உயரத்தோட நிறுத்தி அதுலயும் அங்கங்க அரைவட்டமா கிழிச்சு காத்துக்கு வழி விடுங்க. அதவிட நேரத்த மாத்துறது மேல். வெயில் ஏற ஏறத்தான் கடக்காத்து பலமாகும், அதனால காலையில ஆறுல இருந்து எட்டுக்குள்ள முடிச்சிருங்க. உங்க தரை வடக்கு தெற்கா நீளமா இருக்கான்னும் பாருங்க, வெயில் கண்ணுல அடிக்காம இருக்க கோர்ட் அப்படித்தான் போடணும். ஆனா அப்படிப் போட்ட கோர்ட்ல கச்சான், அதான் மேக்க இருந்து வர்ற காத்து, குறுக்க அடிக்கும், பந்த கோட்டு ஓரத்துல வைக்கிற ஆசைய விட்டுட்டு மூணடி உள்ள வைங்க. வடக்க இருந்து வாடைக்காத்து அடிக்கிற நேரத்துல ஒரு பக்கத்து ஆளுக்கு எதிர்க்காத்து, அதான் ஒத்தப்படை கேம் முடிஞ்சதும் பக்கம் மாறுற விதிய ஏமாத்தாம ஆடணும்.

உப்பு இருக்கே, அது காத்தவிட மோசம். நெட்ட இறுக்குற கைப்பிடி பல்சக்கரம் கிரீஸ் காணலன்னா துருப்புடிச்சு அப்படியே இறுகிரும். ஆடி முடிச்சதும் நெட்ட அவுத்து உள்ள வைங்க. கம்பி வாங்கும்போது பிளாஸ்டிக் உறை போட்டதா கேட்டு வாங்குங்க.

காக்கா, கீழக்கரையில மவன் பள்ளிக்கூடத்துல ஷட்டில் கோர்ட்தான் இருக்கு. 7 வயசு. டென்னிஸ் பழக ராம்நாடு வரைக்கும் கூட்டிட்டுப் போகணுமா?

வேணாம்மா. இந்த வயசுக்கு அதுவே போதும். சிவப்புப் பந்துன்னு கேளுங்க, சாதா பந்த விட 75 சதவீதம் மெதுவா வரும், அதுக்கு வேண்டிய கோர்ட் நீளமே 11 மீட்டர் சொச்சம்தான், ஷட்டில் கோர்ட் 13.4 மீட்டர். நெட்ட 80 சென்டிமீட்டருக்கு எறக்குங்க. 23 இன்ச் பேட் வாங்கிக் குடுங்க, வாப்பாவோட பெரிய பேட்டக் குடுத்தா மணிக்கட்டு போயிரும். அடுத்தது ஆரஞ்சு, அப்புறம் பச்ச. அலைச்சலெல்லாம் அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.

கடையில வாங்குன டென்னிஸ் பால் துள்ளவே மாட்டேங்குதே?

அது கிரிக்கெட்டுக்குன்னு வர்ற ஹெவி பால். காத்தடைச்ச டப்பாவுல சீல் போட்டு வர்றதக் கேளுங்க. தலை உயரத்துல இருந்து கீழ விட்டா இடுப்புக்கிட்ட வரணும், வரலன்னா தெருப்பிள்ளைங்களுக்கு ஸ்டம்ப் நட்டு ஆடக் குடுத்துருங்க.

தொண்டிப் பக்கம் புதுசா பச்ச பெயிண்ட் அடிச்ச கோர்ட் ஒண்ணு இருக்கு. நல்ல தரையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பெயிண்டப் பாத்து மயங்காதீங்க. மணல் கலந்த அக்ரிலிக்கா இருந்தா கைய வச்சுத் தேய்ச்சா சொரசொரன்னு இருக்கும். வழவழன்னு பளபளத்தா அது சாதா எனாமல், வேர்வை சொட்டுனாலே வழுக்கும். பந்த அங்கங்க தட்டிக்கிட்டே ஒரு சுத்து நடங்க, எங்கயாவது பொத்துன்னு சத்தம் கேட்டா அடியில உப்பி நிக்கிது. மழை நின்னு ஒரு மணி நேரம் கழிச்சும் காசு கனத்துக்குத் தண்ணி கெடந்தா வாட்டம் சரியில்ல. வேலியோரம் சீமக்கருவேலம் நிக்கிதான்னும் பாருங்க, அந்த முள்ளு ஷூவத் தொளச்சு காலுக்குள்ள போயிரும், இதுல பட்டவங்க நம்ம ஜில்லாவுல ஜாஸ்தி. விளக்குமாறு ஒண்ணு கையோட கொண்டு போங்க, கடலோரக் கோர்ட்ல பொடிமணல் பெருக்காம ஆடுனா முட்டிக்கு உத்தரவாதம் இல்ல.

மாசத்துக்கு ஒரு தடவையாவது அசல் கோர்ட்ல ஆடணும். எங்க போகலாம்?

மதுரை ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியம். ஐடிஎஃப், அதான் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு, போட்டியெல்லாம் நடந்த எடம். ராம்நாட்டுல இருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல, அதனால ஸ்லாட் இருக்கான்னு போன் போட்டு உறுதி பண்ணிட்டுக் கிளம்புங்க, இல்லன்னா பிள்ளைங்க கோச்சிங்க வேடிக்கை பாத்துட்டு பஸ் ஏற வேண்டியதுதான்.