பாயிண்ட் ரேய்ஸில் நாயுடன் நடக்க கீஹோ கடற்கரை

கலிஃபோர்னியாவின் பாயிண்ட் ரேய்ஸ் தேசியக் கடற்கரைப் பகுதியில் பெரும்பாலான நடைபாதைகளில் நாய்களுக்கு அனுமதியில்லாததால், உங்கள் லாப்ரடாரை எங்கே அழைத்துச் செல்வதென்று கேட்டிருந்தீர்கள். கீஹோ கடற்கரைக்குச் செல்லுங்கள். சாலையோரத்திலிருந்து சதுப்பு நிலத்தை ஒட்டிச் செல்லும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பாதையிலும், அது மணலைத் தொடும் இடத்திற்கு வடக்கேயும் நாயுடன் நடக்கலாம். தெற்கே திரும்பிவிடாதீர்கள்.

நாயைப் பிடிக்கும் வார் 6 அடிக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. இழுக்க இழுக்க நீளும் வகையை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. ஸ்னோயி பிளவர் என்னும் சின்னஞ்சிறு பறவை வெறும் மணற்குழியில்தான் முட்டையிடுகிறது. மணல் நிறத்தில் கரும்புள்ளிகளுடன் கிடக்கும் அம்முட்டைகள் நம் கண்ணுக்கே எளிதில் புலப்படா, நாய் நெருங்கினாலோ அடைகாக்கும் பறவை எழுந்து ஓடிவிடும். ஆகவே, அலை நனைத்த ஈரமணலிலேயே நடங்கள். ஆனால் திடீர்ப் பேரலைகள் எழும் கரை என்பதால் கடலுக்கு முதுகு காட்டாதீர்கள்.