ஏஜென்ட் விடுவிப்பு மனு போட்டால் வழக்கு முடிந்துவிடுமா?

கேள்வி: தர்மபுரி மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். 2024 நவம்பரில், அப்போது 15 வயதான என் அண்ணன் மகளை ஒரு ஏஜென்ட் நூல் மில் வேலைக்குக் கூட்டிப் போனார். அண்ணியிடம் 15,000 ரூபாய் முன்பணம் கொடுத்துக் கைநாட்டும் வாங்கிக்கொண்டார். அங்கே போனைப் பிடுங்கி, வெளியே விடாமல், சம்பளமும் தராமல் வைத்திருந்தார்கள். நாலு மாதம் கழித்து அதிகாரிகள் மீட்டார்கள். வழக்கு இப்போது செஷன்ஸ் கோர்ட்டில் இருக்கிறது. விசாரணை இல்லாமலேயே தன்னை வழக்கிலிருந்து விட்டுவிடச் சொல்லி ஏஜென்ட் விடுவிப்பு மனு போட்டிருக்கிறார். ‘முன்பணம் வாங்கிக்கொண்டு நீங்களேதானே அனுப்பினீர்கள், கேஸ் நிற்காது’ என்கிறார்கள். பிள்ளையைக் கூட்டிவந்து சொல்ல வைக்க வேண்டுமா? 20,000 ரூபாய் கொடுத்தால் சார்ஜ் போட வைப்பதாகக் கோர்ட் வாசலில் ஒருவர் சொல்கிறார்.

பதில்: பிள்ளையைக் கூட்டிவர வேண்டாம். அந்த 20,000-ஐயும் கொடுக்க வேண்டாம்.

வழக்கு இப்போது இருப்பது குற்றச்சாட்டு வனையும் கட்டம், அதாவது சார்ஜ் போடும் கட்டம். சாட்சி விசாரணை இன்னும் தொடங்கவில்லை. போலீஸ் கொடுத்த குற்றப்பத்திரிகையையும், பிள்ளை மாஜிஸ்திரேட் முன் சொன்ன வாக்குமூலத்தையும், மற்ற காகிதங்களையும் நீதிபதி படித்துப் பார்ப்பார். ஏஜென்ட் தரப்பு மேல் விசாரணை நடத்த முகாந்திரம் இருக்கிறதா என்பது மட்டும்தான் அவர் முன் இருக்கும் கேள்வி. தண்டிக்கும் அளவு ஆதாரம் இப்போதே வேண்டியதில்லை, வலுவான சந்தேகம் இருந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1977 முதலே சொல்லி வருகிறது. எதிரி தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், தன் காகிதங்களை இந்தக் கட்டத்தில் நீட்ட முடியாது என்று 2004-ல் தீர்ப்பும் வந்துவிட்டது. அண்ணியின் கைநாட்டுப் பத்திரத்தை அவர்கள் காட்ட நினைத்தால், சாட்சி விசாரணை வரை காத்திருக்க வேண்டும்.

முன்பணத்தை நினைத்துத்தான் நீங்கள் பயப்படுகிறீர்கள். சட்டம் சொல்வது நேர்மாறாக இருக்கிறது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவு, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் எல்லோரும் 370 என்று சொல்லிப் பழகிய அதே பிரிவு, ஒருவரைக் கடத்தும் வழிகளை வரிசையாகச் சொல்கிறது. மிரட்டல், பலவந்தம், ஏமாற்று என்று போகும் அந்த வரிசையில், பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரின் சம்மதத்தைப் பெறப் பணம் கொடுப்பதும் இருக்கிறது. அண்ணி கையில் திணித்த 15,000 ரூபாய் அந்த ஏஜென்டுக்கு எதிரான சாட்சியம். பிள்ளையே விரும்பிப் போனாள் என்று சொன்னாலும் எடுபடாது. சம்மதம் பொருட்டில்லை என்று அந்தப் பிரிவின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் சறுக்கல் வரலாம். வழக்கு முழுதாகத் தள்ளுபடி ஆவதை விட, 143 மட்டும் கழன்று விழுவதுதான் நான் அதிகம் பயப்படுவது. கூட்டிப் போனார்கள், பணம் கொடுத்தார்கள் என்பதோடு நிற்காமல், எதற்காக என்பதும் காகிதத்தில் வர வேண்டும். சுரண்டல் நோக்கம் இல்லாவிட்டால் அந்தப் பிரிவு நிற்காது. ‘மில்லில் வேலை பார்த்தாள், மீட்டோம்’ என்று இரண்டு வரியில் வாக்குமூலம் எழுதி முடித்துவிடும் அதிகாரிகளை எத்தனையோ வழக்கில் பார்த்துவிட்டேன். பூட்டிய அறை, பிடுங்கிய போன், தராத கூலி, முன்பணம் கழியும் வரை போக முடியாது என்று சொன்னது, இவையெல்லாம் அந்தப் பிள்ளை சொல்லியிருப்பாள். எழுதியவருக்குத்தான் பொறுமை இருந்திருக்காது. 143 நின்றால், கடத்தப்பட்டவர் குழந்தை என்பதால் குறைந்தது 10 ஆண்டு சிறை, ஆயுள் வரை போகலாம். அது விழுந்து, குழந்தையை வேலைக்கு அடிமைப்படுத்தி வைப்பதையும் கூலியைப் பிடித்து வைப்பதையும் தண்டிக்கும் சிறார் நீதிச் சட்டத்தின் 79-வது பிரிவு மட்டும் மிஞ்சினால், அதிகபட்சமே 5 ஆண்டுதான். விடுவிப்பு மனு குறி வைப்பது இந்த வித்தியாசத்தைத்தான். அதனால், ‘சார்ஜ் ஆகிவிட்டதா’ என்று கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். ‘143 இருக்கிறதா’ என்று கேளுங்கள். அது விழுந்திருந்தால் 90 நாளுக்குள் அந்த உத்தரவைத் திரும்பப் பரிசீலிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போட வேண்டும். தீர்ப்புக்கு முன் எப்போது வேண்டுமானாலும் குற்றச்சாட்டை மாற்றவும் சேர்க்கவும் விசாரணை நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இப்போது அந்தக் கோர்ட் வாசல் ஆளுக்கு வருவோம். பணம் வாங்கிக்கொண்டு சார்ஜ் போட வைக்க யாராலும் முடியாது. எப்படியும் நடக்கப் போவதைத் தான் நடத்தியதாகச் சொல்லி அவர் பணம் பறிப்பார். அடுத்து அதே ஆளோ அவருக்கு வேண்டியவரோ முத்திரைத்தாளோடு வீட்டுக்கு வருவார். ‘பிள்ளை சொந்த விருப்பத்தில் போனாள், எங்களுக்குப் புகார் இல்லை’ என்று நோட்டரி முன் கையெழுத்து கேட்பார், சமாதானம் என்பார். இது சமாதானம் பேசி முடிக்கக்கூடிய குற்றமே இல்லை. ஆனால் அந்தத் தாளை அவர்கள் பத்திரமாக வைத்திருந்து, அண்ணி கூண்டில் ஏறும் நாளில் குறுக்கு விசாரணையில் எடுத்து வீசுவார்கள். அந்த ஒரு தாளால் நொறுங்கிப்போன தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்க வேண்டாம் என்று அண்ணியிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

வக்கீலுக்கும் செலவு வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பிள்ளைக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. குழந்தைக்கும் கடத்தலுக்கு ஆளானவருக்கும் வருமானம் பார்க்க மாட்டார்கள். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அந்த வழக்கறிஞர் மூலமாகக் குற்றப்பத்திரிகை நகல் கேளுங்கள், விடுவிப்பு மனுவுக்கு எதிராக அரசு வழக்கறிஞருக்குத் துணையாக எழுத்துமூலம் வாதமும் கொடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், வாய்தா. சட்டப்படி, வழக்கு செஷன்ஸுக்கு அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் விடுவிப்பு மனு போட வேண்டும். குற்றச்சாட்டு பற்றிய முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாளுக்குள் குற்றச்சாட்டை வனைய வேண்டும். மனு எந்தத் தேதியில் வந்தது என்று உங்கள் வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாம் எதிரி வரவில்லை, நான்காம் எதிரிக்கு உடம்பு சரியில்லை என்று மாதக்கணக்கில் இழுப்பதைச் சகிக்க முடியவில்லை. காணொலி வழியாகவே குற்றச்சாட்டைப் படித்துக் காட்டலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கும்போது இன்னும் எதற்கு இந்த வாய்தா? வாரணாசி குழந்தைக் கடத்தல் வழக்குகளில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரே வாரத்தில் குற்றச்சாட்டு வனையச் சொன்னது. நாடு முழுவதும் நிலுவையில் உள்ள குழந்தைக் கடத்தல் வழக்குகளை 6 மாதத்தில் முடிக்க வைக்கும்படி உயர் நீதிமன்றங்களுக்கும் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பின் நகலை உங்கள் எழுத்துமூல வாதத்தோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒரு வேலையை இந்த வாரமே முடித்துவிடுங்கள். இப்படிப்பட்ட ஏஜென்டுகள் ஆதாரில் பிறந்த ஆண்டை மாற்றி வைப்பது உண்டு. ஆதார் வயதுக்கு ஆதாரம் ஆகாது, பள்ளிச் சான்றுதான் முதலில் பார்க்கப்படும். பிள்ளை படித்த பள்ளிக்குப் போய், பிறந்த தேதியோடு சான்றிதழ் வாங்கி, விசாரணை அதிகாரியிடம் ஒன்றும் உங்கள் வழக்கறிஞரிடம் ஒன்றும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.