எழுத்துகளைக் கொண்டு ஆங்கிலச் சொல் தேடுதல்: கேள்வி பதில்

எழுத்துகளிலிருந்து ஆங்கிலச் சொற்களைக் கண்டுபிடிப்பது குறித்துச் சென்னையின் பல பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பதில்களில் ‘டீ’ என்று நெடிலாக எழுதியிருப்பது ஆங்கிலத்தின் இருபதாம் எழுத்து. ‘டி’ என்று குறிலாக எழுதியிருப்பது நான்காம் எழுத்து.

மயிலாப்பூரிலிருந்து ஒரு தாய்: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளிடம் ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டீ ஆகிய ஏழு எழுத்துகளைக் கொடுத்து, அவற்றைக் கொண்ட சொற்களை எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது, ஐயா?

‘கொண்ட’ என்றால் என்ன பொருள் என்று ஆசிரியரிடம் கேட்பதிலிருந்து தொடங்குங்கள், அம்மா. கொடுத்த எழுத்துகளை மட்டும் வைத்துச் சொல் அமைக்கச் சொல்லலாம். கொடுத்தவை அனைத்தும் இருக்க வேண்டும், வேறு எழுத்துகளும் சேரலாம் என்று சொல்லலாம். கொடுத்தவை அதே வரிசையில் ஒட்டி வர வேண்டும் என்றும் சொல்லலாம். இவை மூன்றும் வெவ்வேறு கணக்குகள். இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் தேடுபவர்கள்தாம் பெரும்பாலும் விடை கிடைக்கவில்லை என்று சோர்ந்துபோகிறார்கள்.

உங்கள் மகளுக்குக் கொடுத்தது முதல் வகை என்று வைத்துக்கொள்வோம். ஏழு எழுத்துகளை 5,040 விதமாக வரிசைப்படுத்தலாம். அத்தனையையும் எழுதிப் பார்ப்பது வீண் உழைப்பு. அட்டையை வெட்டி எழுத்துக்கு ஒரு துண்டாகச் செய்து, ஆங்கிலச் சொற்கள் வழக்கமாக முடியும் விதங்களை முதலில் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். எஸ் என்ற எழுத்தைக் கடைசியில் வைத்தால் ‘ட்ரெயின்ஸ்’, ‘ரெட்டினாஸ்’, ‘ரீடெயின்ஸ்’ ஆகியவை கிடைக்கும். ஐ, ஈ, ஆர் மூன்றையும் இறுதியில் வைத்தால் ‘நாஸ்டியர்’ தானாக வந்து நிற்கும். பிறகு ‘இன்சர்ட்’, ‘ஸ்டெயின்’, ‘நெஸ்ட்’ என்று சிறிய சொற்களுக்கு இறங்கலாம். ‘ஆர்டிஸ்ட்’ என்று எழுதினால் மட்டும் தடுத்துவிடுங்கள். அதற்கு இரண்டு டீ தேவை. கையில் இருப்பது ஒன்றுதான்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டில் நேரும் ஒரு தனித் தடுமாற்றத்தையும் சொல்ல வேண்டும். தமிழ்ச் சொல்லை நாம் பெரும்பாலும் காதால் கேட்டபடியே எழுதிவிடுகிறோம்; அதே பழக்கத்தில் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் எழுத்துகளை மாற்றி வைக்காமல் ஒலிகளை மாற்றி வைக்கிறார்கள். ‘ரெயின்’ என்ற ஒரே ஒலிக்கு ஆங்கிலத்தில் மழை, கடிவாள வார், ஆட்சி என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. மழையும் கடிவாள வாரும் இந்த ஏழு எழுத்துகளுக்குள் அடங்கும். ஆட்சிக்கு ஜி வேண்டும் என்பதால் அது அடங்காது. ஆகவே வாயால் சொல்லிப் பார்ப்பதைவிட எழுத்துத் துண்டுகளைக் கண்ணால் பார்த்து நகர்த்துவதுதான் இந்தப் பயிற்சியில் பலன் தரும்.

பெரம்பூரிலிருந்து ஓர் ஆசிரியை: ஐந்து உயிரெழுத்துகளும் வரும் சொற்களை மாணவர்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

இது இரண்டாம் வகை. எல்லோரும் அறிந்த ‘எஜுகேஷன்’ என்ற சொல்லிலேயே ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் ஒவ்வொரு முறை வருகின்றன. கலிபோர்னியாவின் நெடுமரமான ‘செக்கோயா’வின் பெயரில் மொத்தமே ஏழு எழுத்துகள், அவற்றில் ஐந்து உயிர்கள். ‘ஃபசீஷியஸ்’, ‘ஆப்ஸ்டீமியஸ்’ ஆகிய இரண்டிலும் ஐந்து உயிர்களும் அகரவரிசை மாறாமலே வருகின்றன. மாணவர்கள் இவற்றைத் தாமே எழுத்தெண்ணிக் கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுங்கள். அந்த மகிழ்ச்சியை நாம் பறிக்கக் கூடாது.

சோழிங்கநல்லூரிலிருந்து ஒரு மென்பொருள் பணியாளர்: எழுத்துகளை எல்லா விதமாகவும் மாற்றி அடுக்கி, ஒவ்வொன்றும் அகராதியில் இருக்கிறதா என்று பார்க்கும் நிரல் எழுதினேன். பத்து எழுத்துகளைத் தாண்டினால் அது நகரவே மறுக்கிறது.

பத்து வெவ்வேறு எழுத்துகளுக்கு 36,28,800 வரிசைகள். பன்னிரண்டுக்கு ஏறத்தாழ 48 கோடி. தேடலைத் தலைகீழாகத் திருப்புங்கள்: எழுத்துகளைக் கலைத்து அகராதிக்குப் போகாமல், அகராதியிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் எடுத்து அதன் எழுத்துகளை அகரவரிசைப்படுத்தி, அந்த வரிசையையே அச்சொல்லின் அடையாளமாகச் சேமித்து வையுங்கள். ‘லிசன்’, ‘சைலன்ட்’, ‘என்லிஸ்ட்’, ‘டின்சல்’ ஆகிய நான்குக்கும் ஈ, ஐ, எல், என், எஸ், டீ என்ற ஒரே அடையாளம்தான் வரும். பயனர் கொடுக்கும் எழுத்துகளையும் அவ்வாறே வரிசைப்படுத்தினால் ஒரே தேடலில் நான்கும் கையில் கிடைக்கும்.

எழுத்துகளில் சிலவற்றை மட்டும் பயன்படுத்தும் சொற்களும் தேவையென்றால், ஒவ்வொரு சொல்லுக்கும் 26 கட்டங்களில் எழுத்துகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, எந்தக் கட்டத்திலும் அது கையிருப்பை மீறவில்லை என்று சரிபாருங்கள். சில லட்சம் சொற்களை இப்படிப் பார்ப்பது இன்றைய கணினிக்குப் பெரிய வேலையே அன்று. எழுத்து உண்டா இல்லையா என்பதை மட்டும் 26 பிட்களில் குறிப்பது இன்னும் வேகமானது. அதை முதல் வடிகட்டலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதையே முடிவாக நம்பினால், மேலே சொன்ன ‘ஆர்டிஸ்ட்’ பிழை உங்கள் நிரலிலும் நுழைந்துவிடும்.

தாம்பரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: டபிள்யூ, கே, டபிள்யூ என்று மூன்றெழுத்துகள் தொடர்ந்து வரும் சொல் உண்டா?

உண்டு, ‘ஆக்வர்ட்’. இது மூன்றாம் வகை. சொற்பட்டியல் கோப்பு ஒன்றைத் திறந்து, அதில் அந்த மூன்றெழுத்துகளைச் சாதாரணமாகத் தேடினாலே போதும்.

அடையாறிலிருந்து ஒரு பெரியவர்: எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆடும்போது க்யூ, ஐ இரண்டையும் வைத்து ‘சீ’ என்று ஒரு சொல்லைப் பேரன் அமைத்தான். க்யூவுக்குப் பின் யூ வராத சொல்லை எப்படி ஏற்பது?

தாராளமாக ஏற்கலாம், ஐயா. உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல் அது. வட அமெரிக்கப் போட்டிப் பட்டியலில் 2006-ல் சேர்க்கப்பட்டது. பிற நாடுகளின் போட்டிகளில் பெரும்பாலும் பின்பற்றப்படும் காலின்ஸ் பட்டியலிலும் இருக்கிறது. க்யூவுக்கு 10 புள்ளிகள் என்பதாலும், 100 வில்லைகளில் யூ நான்கே இருப்பதாலும், கையில் சிக்கிய க்யூவை விடுவிக்க இந்த ஈரெழுத்துச் சொல் பெரிதும் உதவுகிறது. ஆனால் எந்தப் பட்டியலை ஏற்பது என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே இருவரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பேசி வைக்காமல் ஆடியிருந்தால், இந்த முறை புள்ளிகளைப் பேரனுக்கே கொடுத்துவிடுங்கள்.