டைமிங்கா, மெடலா? - கடிதம்

அன்புள்ள ஐயா,

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் காலையில் ஓடும் எங்கள் குழுவில் ஒரு மாதமாக ஓயாத வாக்குவாதம். 2025 மார்ச்சில் அமெரிக்காவில் குல்வீர் சிங் 10,000 மீட்டரை 27:00.22-ல் ஓடித் தேசிய சாதனை படைத்தார். இரண்டே மாதத்தில் தென்கொரியாவின் குமியில் ஆசியத் தங்கம், ஆனால் நேரம் 28:38.63. எதைப் பெரிதென்று சொல்வது? எங்களோடு ஓடும் தம்பி ஒருவனுக்கு இருபது வயது, 5000 மீட்டர் 14:20. அவன் இனி டைமிங்கைத் துரத்துவதா, மெடலைத் துரத்துவதா? இரண்டுக்கும் பயிற்சி மாறுமா?

ச., கடலூர்

அன்புள்ள ச.,

மாறும். உங்கள் குழுவின் சண்டைக்குக் காரணமே, தூரம் ஒன்று என்பதால் ஓட்டமும் ஒன்று என்று நினைத்துக்கொள்வதுதான்.

27:00 என்றால் 400 மீட்டர் சுற்றுக்கு 64.8 விநாடி. அதே கணக்கில் இருபத்தைந்து சுற்று. அந்த மாதிரிப் போட்டிகள் வேகத்துக்காகவே நடத்தப்படுபவை. வேகம் பிடித்துக்கொடுக்கவே அமர்த்தப்பட்ட பேசர் முன்னால் ஓடுவார், களத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் வேண்டியது ஒன்றே, எவனும் எவனையும் ஏமாற்றப் போவதில்லை. 2025 டோக்கியோ உலகச் சாம்பியன்ஷிப்புக்கான தகுதி நேரம் 27:00.00. குல்வீர் தவறவிட்டது 0.22 விநாடி, அதாவது ஒன்றரை மீட்டர்கூட இல்லை. குமியில் சராசரி 68.7. அங்கே பேசர் கிடையாது. முன்னால் போகிறவன் எதிர்க்காற்றைத் தாங்கிப் பின்னால் வருகிறவனுக்கு வேலையைச் சுலபமாக்குவான் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் முன்னால் போக விரும்பமாட்டார்கள். கடைசிச் சில சுற்றுகளில்தான் உண்மையான ஓட்டம்.

மெதுவாகப் போனால் சுலபம் என்று நினைக்க வேண்டாம். மெதுவாகப் போகும் ஓட்டத்தில் கடைசிச் சுற்றுவரை எல்லாருடைய காலிலும் தெம்பு மிச்சமிருக்கும். 2016 ரியோ ஒலிம்பிக் 1500 மீட்டரை அமெரிக்காவின் மாத்யூ சென்ட்ரோவிட்ஸ் வென்ற நேரம் 3:50.00. அதே ஆண்டு பாராலிம்பிக்கில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் 1500-ல் நான்கு பேர் அதைவிட வேகமாக ஓடினார்கள். ஆனால் சென்ட்ரோவிட்ஸின் கடைசி 400 மீட்டர் 51 விநாடிக்குள். பிரிட்டனின் மோ ஃபாரா 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 5000 மீட்டர் தங்கம் வாங்கியது 13:41.66-ல், கடைசிச் சுற்று 53-க்குள். 5000, 10,000 இரண்டிலும் உலக சாதனை அவர் பெயரில் ஒருநாளும் இருந்ததில்லை. ஒலிம்பிக் தங்கம் நான்கு.

எதிர்ப்பக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க். பதினேழு உலக சாதனை, ஒலிம்பிக்கில் ஒரே ஒரு வெண்கலம், 1964 டோக்கியோ 10,000 மீட்டரில். செக்கோஸ்லோவாக்கியாவின் பழைய ஒலிம்பிக் சாம்பியன் எமில் ஜாடோபெக் 1966-ல் தன் தங்கங்களில் ஒன்றைக் கிளார்க் கையில் கொடுத்து அனுப்பினார். கிளார்க்குக்குக் கிக் இல்லை, அதாவது கடைசிச் சுற்றில் திடீரென்று எகிறும் வேகம். அதனால் முன்னால் நின்று எல்லாரையும் களைக்க வைத்து ஜெயிக்கப் பார்ப்பார். டைமிங் ஓட்டத்தில் அது வேலை செய்யும். பைனலில் பின்னால் ஒட்டிக்கொண்டு வர இரண்டு பேர் இருந்தால் போதும், கதை முடிந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு "அப்படியானால் மெடல்தான்" என்று உங்கள் குழுவில் ஒரு தரப்பு கைதட்டும். அவர்களுக்காக நம் அவினாஷ் சாப்ளே. 2022 ஜூலையில் யூஜின் உலகச் சாம்பியன்ஷிப் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் பைனல், தடைகளைத் தாண்டி ஓடும் ஓட்டம். ஜெயித்தவரின் நேரம் 8:25.13. சாப்ளேயின் அன்றைய சொந்தச் சாதனை அதைவிடப் பன்னிரண்டு விநாடிக்கு மேல் வேகமானது, 8:12.48. அவர் முடித்தது 8:31.75-ல், பதினோராவது இடம். மூன்று வாரத்துக்குள் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி. இந்த முறை ஓட்டம் ஆரம்பத்திலிருந்தே வேகம். 8:11.20, வெள்ளி, தங்கத்துக்கு 0.05 விநாடி பாக்கி. தரையில் அளந்தால் ஒரு அடி. வேகமான ஓட்டத்தில் மெடல், மெதுவான ஓட்டத்தில் பதினோராவது. எந்த வகை ஓட்டம் தன் காலுக்குப் பொருந்தும் என்று தெரிந்துகொள்ளாமல் டைமிங்கா மெடலா என்று கேட்பதில் பயனில்லை.

இனி உங்கள் தம்பி. இந்த ஆண்டு மெடல் என்றுதான் சொல்வேன். காரணம் உணர்ச்சி இல்லை, வயிற்றுப்பாடு. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது. அங்கே பார்ப்பது எந்தப் போட்டி, எத்தனையாவது இடம் என்பதைத்தான். ஆறாவதாக வந்து 14:05 ஓடினேன் என்றால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது வெறும் எண். அதற்காக டைமிங்கை விட்டுவிட முடியாது. தேசியப் போட்டிகளுக்கு நுழைவு நேரம் உண்டு. உலகத் தரவரிசையிலும் நேரத்துக்கு ஒரு புள்ளி, போட்டியின் தரத்தையும் பிடித்த இடத்தையும் பார்த்து இன்னொரு புள்ளி என்று சேர்த்தே கணக்குப் போடுகிறார்கள். ஆகவே டைமிங்குக்கு ஆண்டில் ஒரு காலம் ஒதுக்குங்கள், ஜனவரி, பிப்ரவரி. மழை ஓய்ந்து, கடலோரத்தில் விடிகாலை கொஞ்சம் குளிரும் நாட்கள். மே மாதம் கடலூரில் டைமிங் போடச் சொல்வது பையனை வீணடிப்பது. விடியும்போதே ஈரப்பதம் எண்பதைத் தாண்டிவிடும், வியர்வை காயாது, உடல் சூடு இறங்காது, 3000 மீட்டருக்கு மேல் வேகம் தானாகக் கழன்றுவிடும்.

அந்த இரண்டு மாதமும் குறி 14:00. சுற்றுக்கு 67.2. வாரம் ஒருநாள் ஆறு முறை 1000 மீட்டர், ஒவ்வொன்றும் 2:48, நடுவில் 200 மீட்டர் மெல்லோட்டம். இங்கே எல்லாரும் செய்யும் தவறு, முதல் ஆயிரத்தை 2:42-ல் ஓடிவிட்டுக் கடைசியை 2:55-ல் இழுப்பது. சராசரி சரியாக வரும், நோட்டில் அழகாக இருக்கும், காலுக்கு அந்த 67.2 பழகியிருக்காது.

போட்டிக்கு எட்டு வாரம் முன்பு அதை நிறுத்திவிட்டு வேறு வேலை. நான்கைந்து பேர் கூட்டமாக 2000 மீட்டரைச் சுற்றுக்கு 72, 73 என்று போகட்டும். நிற்காமல், விசில் கேட்டதும் தம்பி பிய்த்துக்கொண்டு போக வேண்டும், 400 மீட்டர், 60 விநாடி. ஏழெட்டு நிமிடம் ஓய்வு, மொத்தம் மூன்று முறை. விசில் எப்போது என்று அவனுக்குத் தெரியக்கூடாது. ஒருநாள் 1800-லேயே ஊதுங்கள், ஒருநாள் 2200 வரை காக்க வையுங்கள். தெரிந்துவிட்டால் அதற்கு முன் சுற்றிலேயே மூச்சைச் சேமிக்க ஆரம்பித்துவிடுவான். பைனலில் எவனும் சொல்லிவிட்டு எகிறுவதில்லை. வாரத்தில் இன்னொரு நாள் 200 மீட்டர் 32, அடுத்த 200 மீட்டர் 39, இப்படி மாற்றி மாற்றி ஆறு சுற்று. வேகத்தைக் கூட்டுவதைவிட, கூட்டிய பிறகு 39-லேயே மூச்சைத் திரும்பப் பிடிப்பதுதான் இதில் கஷ்டம்.

வளைவுகளைக் கவனியுங்கள். ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். இரண்டாவது லேனில் ஒரு வளைவு ஓடினால் 3.8 மீட்டர் கூடுதல், முழுச் சுற்றுக்கு 7.7. பத்துச் சுற்று அப்படி ஓடினால் 77 மீட்டரைச் சும்மா தாரைவார்க்கிறான். ஓவர்டேக் நேர்கோட்டில்தான். அதற்காக உள்கோட்டில் அடைபட்டுக் கிடக்கவும் கூடாது. முன்னால் இருப்பவனின் வலது தோளுக்கு அரை அடி வெளியே, இறங்கவும் ஏறவும் வழியிருக்கும் இடத்தில் நிற்கப் பழக வேண்டும். உள்விளிம்புக்கு உள்ளே கால் போனாலோ அத்தனையும் போய்விடலாம். புதுக்கோட்டை மாவட்டத்து கோவிந்தன் லட்சுமணன் 2017 புவனேஸ்வர் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் 5000 மீட்டரை 14:54.48-லும் 10,000 மீட்டரை 29:55.87-லும் ஓடி இரண்டு தங்கம் வாங்கியவர். உங்கள் தம்பியின் 14:20-ஐ அந்த 14:54-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், அவை வேறு வேறு ஓட்டம். அடுத்த ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவர் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். ஓட்டத்தின்போது டிராக்குக்கு உள்பக்கம் கால் வைத்ததாகத் தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள்.

ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை. ரோடு ஓட்டத்துக்கான 40 மில்லிமீட்டர் அடித்தட்டு ஷூவில் டிராக்கில் பயிற்சி நேரம் எடுத்து மகிழ வேண்டாம். 2024 நவம்பர் முதல் டிராக்கில் அனுமதி 20 மில்லிமீட்டர் வரைதான். விசில் பயிற்சியாவது ஸ்பைக்கோடு, அதாவது அடியில் ஆணி வைத்த ஷூவோடு நடக்கட்டும், இல்லையென்றால் போட்டி அன்று கெண்டைக்கால் இறுகிவிடும்.

ஆறாவது வாரத்தில் மூன்று 400-ம் 60-க்குள் வருகிறதா என்று எழுதுங்கள். மூன்றாவது 63-ல் நின்றால் அவனுக்குக் கிக் இல்லை, சாப்ளே வழிதான், 3000 மீட்டரிலிருந்தே ஓட்டத்தை வேகமாக்கச் சொல்லித்தர வேண்டும். அதற்கான பயிற்சி வேறு.